குண்டின் வேகமும் காலமெழுதியும்

தோற்றுவாய்

ஓடுங் குதிரையின் வேகத்தை அறிய வேண்டின், இரண்டு மைற்கற்களுக்கு இடையே அது செல்லுங் காலத்தைக் கடிகாரத்தால் அளந்து கூறலாம். புகைவண்டியின் வேகத்தை, அதனுள் அமர்ந்தபடியே, கடந்து செல்லும் தந்திக் கம்பங்களை எண்ணி ஒருவாறு கணிக்கலாம். துப்பாக்கியின் வாயினின்று புறப்படுங் குண்டோ, நாம் கண்ணிமைப்பதற்குள் நூறு கெஜ தூரத்தைக் கடந்துவிடுகின்றது. அதனைக் கண் தொடரமாட்டாது. கைக் கடிகாரமும் அளக்கமாட்டாது. புலனுக்கு எட்டாத இவ்வேகத்தை மனிதன் எவ்வாறு அளந்தான், அளந்ததனாற் பெற்ற பயன் யாது, அளவைக் கருவி கூறுவதை எத்துணை நம்பலாம் என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். யாம் பௌதிக நூல் பயில்வேம் அல்லேம், தமிழ் பயில்வேம். எனினும், இப்பொருளிற் கணிதம் சிறிது, கருத்துப் பெரிது. ஆதலின் எத்துறை மாணாக்கரும் இதனை எளிதிற் பின்தொடரலாம் என்று நம்புகின்றோம்.

கையால் நிரப்பிய தோட்டா

தோட்டா என்பது நான்கு உறுப்புக்களால் ஆயது: பித்தளைக் கூடு ஒன்று, அதன் அடியில், ஊசி தட்டியவுடன் பொறியெழுப்பும் கேப்பு ஒன்று, கூட்டினுள் எரிமருந்து, கூட்டின் வாயில் அழுத்திப் பொருத்திய குண்டு. சுட்டபின் பித்தளைக் கூடு எஞ்சி நிற்கும். அதனை எறிந்துவிடாது துலக்கி, மீண்டும் உருவுக்குக் கொணர்ந்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு வழங்குவோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பலர் உளர். இலக்கெய்யும் போட்டிகளிற் கலந்துகொள்வோரும், வேட்டையாடுவோரும் இவ்வாறு செய்கின்றனர். செலவு குறையும் என்பது ஒரு காரணம். தம் துப்பாக்கிக்கு ஏற்ற ஒரே சீரான தோட்டாக்களைப் பெறலாம் என்பது மற்றொரு காரணம்.

மருந்தை நிறுக்கும் அளவு 'கிரெயின்' எனப்படும். ஒரு பவுண்டிற்கு 7,000 கிரெயின். அஃதாவது ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். எத்துணைக் கிரெயின் மருந்திற்கு எவ்வளவு வேகம் உண்டாகும், எவ்வளவிற்கு மேற் செல்லலாகாது என்று மருந்து செய்வோர் சோதித்து அட்டவணை நூல்கள் வெளியிடுகின்றனர். அற்றேல், நூலைப் பார்த்து நிறுத்து இட்டாற் போதாதோ, வேகம் அளக்குங் கருவி எதற்கு எனின், கூறுதும். நூலோர் சோதித்தது அவர்தங் குழலில். சுடுவோன் சுடுவது தன் குழலில். குழலின் நீளம் வேறு, உள்ளளவு வேறு, கூட்டின் கனம் வேறு, மருந்து ஆக்கிய தொகுதி வேறு, அன்றைய வெப்பம் வேறு. இவற்றுள் ஒன்று மாறினும் வேகம் மாறும். பல வேளைகளில் குழலினுள் எழும் அழுத்தமும் உடன் மாறும்.

அவ்வழுத்தம் எளியதன்று. 1906-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை மேற்கொண்டதும், இன்றும் வேட்டையாடுவோர் வழங்குவதுமான '.30-06' என்னுந் தோட்டாவிற்கு அந்நாட்டுத் தொழிலோர் வகுத்துள்ள மேல்வரம்பு சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தமோ சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டே, எனவே முன்னது பின்னதைப்போல நாலாயிரம் மடங்கு. இத்துணை அழுத்தம் எழும் அறை, சுடுவோனது முகத்திற்கு மிக அணித்தே உள்ளது. அளவு தவறின் இழப்பது இலக்கை மட்டுமன்று. கண்ணையோ கையையோ இழத்தலுங் கூடும். ஆகவே, தான் நிரப்பிய தோட்டா உண்மையில் யாது செய்கின்றது என்று அறிதல் அவனுக்குப் பொழுதுபோக்கன்று, கடமையாம். அக்கடமைக்குத் துணை நிற்பது 'குரோனோகிராப்' என்னுங் கருவி. அதன் வரலாற்றை முதற்கண் காண்பாம்.

ராபின்சின் ஊசல்

குண்டின் வேகத்தை முதன்முதற் செம்மையாக அளந்து காட்டிய பெருமை பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயரைச் சாரும். அவர் 1707-இல் பாத் நகரிற் பிறந்தவர். போரை வெறுக்குங் குவேக்கர் குடும்பத்தினர். அக்குடியிற் பிறந்த ஒருவரே பீரங்கிக் கலைக்கு அறிவியல் அடிப்படை கோலினார் என்பது வியக்கத்தக்கது. அவர் 1742-இல் வெளியிட்ட நூல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகளைக் கூறுவது. கணித மேதையாகிய ஆய்லர் அதனை 1745-இல் தம் விரிவுரையுடன் ஜெர்மன் மொழியில் ஆக்கினார்.

ராபின்ஸ் கையாண்ட முறை எளிது. கனத்த கட்டையொன்றை ஊசல்போலத் தொங்கவிட்டார். குண்டு அதன்மேற் பாய்ந்து புதைந்ததும் கட்டை பின்னோக்கி ஆடும். கட்டையின் அடியிற் கட்டிய நாடா, அஃது எவ்வளவு தூரம் ஆடிற்று என்பதைக் காட்டும். குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி வருந் தொகை, குண்டும் கட்டையும் சேர்ந்த எடையையும் அவை பெற்ற வேகத்தையும் பெருக்கி வருந் தொகைக்குச் சமம் என்பது இயக்க நூலின் விதி. சான்றாக, 10 கிராம் எடையுள்ள குண்டு 10 கிலோகிராம் எடையுள்ள கட்டையிற் புதைவதாகக் கொள்வோம். குண்டின் வேகம் விநாடிக்கு 800 மீட்டராயின், கட்டை பெறும் வேகம் ஏறத்தாழ 0.8 மீட்டரே. அவ்வேகத்தால் அது மூன்றே கால் சென்டிமீட்டர் உயரம் எழும். கண்ணாற் காணவியலாத வேகம், அளவுகோலால் அளக்கத்தக்க எழுச்சியாக மாறிவிட்டது! காலத்தை அளவாமலே வேகத்தை அளந்த திறம் இது.

இம்முறையால் ராபின்ஸ், துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு 1,600 அடிக்கும் மேற்பட்ட வேகத்தோடு செல்லுதலைக் கண்டார். அதனினும் அரியதோர் உண்மை, ஊசலைச் சேய்மையிலும் அண்மையிலும் வைத்துச் சுட்டபோது வெளிப்பட்டது. தொலைவு கூடக் கூடக் குண்டு தன் வேகத்தை விரைந்து இழத்தலை அவர் கண்டார். காற்றின் தடை பொருட்படுத்தத்தக்கதன்று என எண்ணிக் குண்டின் வழியைக் கணித்துவந்தோர் கூற்று, ஒரு மரக்கட்டையின் சான்றால் வீழ்ந்தது. இப்பணிக்காக அவருக்கு 1746-இல் இலண்டன் ராயல் கழகத்தின் காப்ளி பதக்கம் வழங்கப்பெற்றது.

இவர் வாழ்வின் இறுதி நம் நாட்டோடு தொடர்புற்றது என்பதை நம்மவருட் பலர் அறியார். கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் கோட்டைகளைப் பழுதுபார்க்கும் பொறியாளராக அவரை அமர்த்தினர். அவர் 1750-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையை அடைந்தார். மறு ஆண்டு, 1751 ஜூலை 29-ஆம் நாள், காய்ச்சலால் அங்கேயே உயிர்நீத்தார். வேகத்தை அளக்க முதல்வழி கண்டவர் கண்மூடியது நம் கீழைக் கடற்கரையில்.

காலத்தை எழுதிய கருவி

'குரோனோகிராப்' என்பது கிரேக்கச் சொற்களால் ஆயது. 'குரோனோஸ்' என்பது காலம். 'கிராபேன்' என்பது எழுதுதல். ஆதலின் அதனைத் தமிழில் 'காலமெழுதி' என யாம் வழங்குதும். அப்பெயர்க்கு முற்றும் உரியதாய் அமைந்த கருவி, பெல்ஜிய நாட்டுப் பீரங்கிப்படை அதிகாரியாகிய லெ பூலாஞ்சே என்பார் 1860-களில் ஆக்கியது. மின்சாரத்தைக் கொண்டு மிகச் சிறுகாலத்தை அளக்கலாம் என்று 1840-ஆம் ஆண்டளவில் வீட்ஸ்டன் முதலியோர் காட்டிய வழியை அவர் செவ்விதாக்கினார்.

குண்டு செல்லும் வழியில், தூரம் அளந்து, இரண்டு சட்டங்கள் நிறுத்தப்படும். ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பி பின்னியிருக்கும்; அதனூடே மின்சாரம் ஓடி ஒரு மின்காந்தத்தை இயக்கும். முதற் காந்தம் நீண்டதொரு கோலைத் தாங்கி நிற்கும்; இரண்டாவது குறுங்கோல் ஒன்றைத் தாங்கி நிற்கும். குண்டு முதற் கம்பியை அறுத்தவுடன் நெடுங்கோல் விழத் தொடங்கும். இரண்டாங் கம்பியை அறுத்தவுடன் குறுங்கோல் விழுந்து ஒரு விசையைத் தட்ட, கத்தியொன்று பாய்ந்து, விழுந்துகொண்டிருக்கும் நெடுங்கோலில் ஒரு வடுவைப் பதிக்கும். விழும் பொருள் எவ்வளவு காலத்தில் எவ்வளவு தூரம் விழும் என்பது அறிந்த கணக்காதலின், வடுவின் உயரத்தினின்று காலத்தை அறியலாம். கத்தி எழுத்தாணியாகவும், கோல் ஏடாகவும் காலம் எழுதப்பட்டவாறு காண்க.

இக்கருவியில் யாம் பெரிதும் போற்றுவது வேறொன்று. குறுங்கோல் விழுதற்கும், விசை பாய்தற்கும் சிறிது காலம் செல்லுமன்றோ? அக்காலம் கணக்கிற் பிழையாய்ப் புகும். அதனை நீக்க, சுடுமுன்னரே இரண்டு மின்னோட்டங்களையும் ஒரே கணத்தில் அறுத்துப் பார்ப்பர். அப்போதும் நெடுங்கோலில் ஒரு வடு விழும். அது குண்டின் காலமன்று. கருவியின் சொந்தத் தாமதம். அதனை 0.15 விநாடி என வருமாறு கருவியைத் திருத்திக்கொள்வர். அவ்வளவில் கோல் விழுந்த தூரம் 11 சென்டிமீட்டர். பின்னர்ச் சுட்டு, வந்த காலத்தினின்று 0.15 விநாடியைக் கழிப்பர். 50 மீட்டர் இடைவெளியில் நிற்கும் சட்டங்களை விநாடிக்கு 500 மீட்டர் வேகமுடைய குண்டு கடக்க 0.1 விநாடி ஆகும்; கருவி காட்டுவது 0.25 விநாடி; வடுவின் உயரம் ஏறத்தாழ 30.6 சென்டிமீட்டர். பிறிதொன்றை அளக்குமுன் தன் குறையைத் தான் அளந்து கழித்துக்கொள்ளும் இவ்வொழுக்கமே அளவை நூலின் உயிர் என்னலாம்.

இக்காலக் கருவிகள்

படைச்சாலைகளுக்கே உரியதாயிருந்த இக்கருவி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனியொருவர் வாங்கத்தக்கதாய்ச் சுருங்கியது. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் கென் ஓலர் ஆக்கிய கருவிகள் இத்துறையிற் புகழ்பெற்றவை. கம்பிக்கு மாறாக ஒளியுணரும் கண்கள் அமைந்தன. குண்டு மேலே செல்லுங்கால் அதன் நிழல் முதற் கண்மீது பட்டவுடன் கடிகாரம் எண்ணத் தொடங்கும். இரண்டாங் கண்மீது பட்டவுடன் நிற்கும். கண்கள் இரண்டும் 2 அடி இடைவெளியில் இருப்பின், விநாடிக்கு 2,700 அடி வேகமுடைய குண்டு அதனைக் கடக்கும் காலம் விநாடியின் பத்து இலட்சத்தில் 741 பங்கே. படிகக் கடிகாரத்திற்கு இஃது அரிதன்று. அரிதாவது இடைவெளியைச் செம்மையாக நிறுத்தலே. 24 அங்குலத்தில் அரைக்கால் அங்குலம் தவறினும், வேகக் கணக்கில் விநாடிக்கு 14 அடி பிழைபடும்.

வேறு இடர்களும் உள. கருவியைத் துப்பாக்கியின் வாய்க்கு மிக அருகில் வைப்பின், குண்டோடு வெளிப்படும் புகையும் அதிர்ச்சியும் குண்டு வருமுன்னே கடிகாரத்தைத் தட்டிவிடும். ஆதலின் 10 முதல் 15 அடி தள்ளி வைப்பர். கடும் வெயிலிற் கண் கூசும் என்பதற்காக மேலே வெண்தகடு போர்ப்பர். ஓலர் ஒரு கருவியில் மூன்றாவது கண்ணொன்றையும் சேர்த்தார். ஒரே குண்டின் வேகம் இருமுறை தனித்தனியே அளக்கப்படும். இரண்டும் ஒவ்வாவிடின் அவ்வளவை ஐயுறுக என்று கருவியே அறிவிக்கும்.

1842-இல் டாப்ளர் கண்ட நெறியைக் கொண்டு, குண்டின்மீது பட்டு மீளும் வானொலி அலையின் மாறுதலால் வேகத்தை அறியுங் கருவிகளும் இப்போது வழங்குகின்றன. கார்மின் நிறுவனத்தார் 2023-இல் வெளியிட்டது கைக்குள் அடங்குவது. குண்டின் வழியிற் கண்களை நிறுத்த வேண்டுவதின்மையின், கருவியையே சுட்டு உடைக்கும் இடரும் நீங்கிற்று.

எண்கள் கூறுவன

நிற்க. கருவி காட்டும் எண்களை எவ்வாறு படித்தல் வேண்டும்? விளக்கத்தின் பொருட்டு யாமே அமைத்துக்கொண்ட இரண்டு வரிசைகளை நோக்குக. ஒவ்வொன்றும் ஐந்து தோட்டாக்களின் வேகம், விநாடிக்கு இத்துணை அடி என.

முதல் வகை: 2,690, 2,704, 2,698, 2,711, 2,697.
இரண்டாம் வகை: 2,655, 2,742, 2,688, 2,731, 2,684.

இரண்டற்கும் சராசரி 2,700. சராசரியொன்றையே நோக்குவோன் இவை ஒன்றென மயங்குவான். மிகுந்ததற்கும் குறைந்ததற்கும் உள்ள வேற்றுமையாகிய வீச்சோ, முதல் வகையில் 21; இரண்டாம் வகையில் 87. திட்டவிலக்கம் என்னும் அளவு முன்னதற்கு ஏறத்தாழ 8, பின்னதற்கு 36. இரண்டாம் வகையை நிரப்பியவன் மருந்தைச் சீராக நிறுத்தானல்லன். அன்றேல் குண்டை ஒரே இறுக்கத்துடன் பொருத்தினானல்லன். அன்றேல் கூடுகள் ஒத்தனவல்ல. காரணம் எது என்று கருவி கூறாது. காரணம் ஒன்று உண்டு என்று கூறும்.

இவ்வேற்றுமை இலக்கில் எங்ஙனம் தோன்றும்? காற்றில்லா வெளியெனக் கொண்டு கணக்கிடின், 2,700 அடி வேகமுடைய குண்டு 100 கெஜத்தைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 2.4 அங்குலம் தாழும். 500 கெஜத்திற்குள் 60 அங்குலம் தாழும். வேகம் நூற்றுக்கு ஒன்று குறையின், தாழ்வு நூற்றுக்கு இரண்டு மிகும். நூறு கெஜத்தில் அஃது ஓர் அங்குலத்தின் இருபதில் ஒரு பங்கு; ஒருவரும் காணார். ஐந்நூறு கெஜத்திலோ ஓர் அங்குலத்திற்கு மேல். காற்றின் தடையையுஞ் சேர்த்தால் இன்னும் மிகும். அண்மையில் மறைந்து கிடக்குங் குறை, சேய்மையில் வெளிப்படும்.

ஐந்து குண்டுகள் சுட்டு முடிவுகட்டுதலும் தகாது. ஐந்து எண்களினின்று பெற்ற திட்டவிலக்கம் 10 என வந்தால், உண்மையான விலக்கம் 6 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதே, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு கூறத்தக்கது என்று புள்ளியியல் நூலார் காட்டுகின்றனர். சில சான்றுகளைக் கொண்டு பெருமுடிபு கூறல் எத்துறையிலும் இழுக்காம்.

எண்கள் கூறாதன

இனி, இப்பொருளில் உயிர்நிலையானதைக் கூறுவாம். காலமெழுதி அளப்பது வேகத்தையே, அழுத்தத்தை அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டோர் இடர்ப்படுவர். நீண்ட குழல் அழுத்தத்தின் உச்சத்தை மிகுவியாமலே வேகத்தைச் சிறிது மிகுவிக்கும். குறுகிய குழலில், அழுத்தம் வரம்பை எட்டியபோதும் வேகம் நூற்கூற்றினுங் குறைந்தே நிற்கும். 'எம் வேகம் குறைவு. ஆதலின் இன்னும் மருந்து சேர்க்கலாம்' என்று கருதுவோன், அறியாது வரம்பைக் கடக்கின்றான். வரம்பினருகே சிறிது மருந்து கூட்டின் வேகம் சிறிதே மிகும். அழுத்தமோ அதனினும் விரைந்து மிகும்.

ஆயினும் வேகம் ஓர் எச்சரிக்கையாகும். நூல் கூறும் மருந்தையே இட்டு, நூல் கூறும் நீளமுள்ள குழலிற் சுட்டும், நூல் கூறியதினும் வேகம் பெரிதும் மிகுமாயின் மகிழ்தற்கில்லை; அவ்வேகத்திற்குரிய விலையை அழுத்தம் செலுத்தியிருத்தல் வேண்டும் என்று அஞ்சி நின்று ஆராய்தலே அறிவு. குளிர்காலத்தில் ஊறின்றி அமைந்த அளவு, கோடையில் வெயிலிற் கிடந்த தோட்டாவில் வரம்பு மீறுதலுமுண்டு. எனவே பருவம் மாறினும், மருந்துத் தொகுதி மாறினும், அளவைக் குறைத்துத் தொடங்கி மீண்டும் அளத்தல் நன்று.

மிகக் குறைந்த எண்ணுக்கும் அஞ்சுதல் வேண்டும். ஒலி மெலிந்து, வேகமுங் குறைந்து காட்டினும், கருவி ஒன்றுங் காட்டாதொழியினும், உடனே அடுத்த தோட்டாவைச் சுடுதல் கூடாது. மருந்து குறைந்தோ, இன்றியோ, குண்டு குழலினுள்ளே தங்கியிருத்தல் கூடும். அதன்மேல் மற்றொன்று பாயின் குழல் பிளக்கும். தோட்டாவை நீக்கிக் குழலைக் காலியாக்கி, உள்வழி தெளிந்துள்ளதா என்று நோக்கிய பின்னரே மேற்செல்லல் வேண்டும். ஒரு வெற்றெண் கண்டு நிற்கத் தெரிந்தவன் உயிர் தப்புகின்றான்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் அறிவன மூன்று. நூல் கூறும் அளவு வழிகாட்டியே. தன் கைப்பொருளைத் தானே அளந்து அறிதல் வேண்டும் என்பது ஒன்று. அளக்குங் கருவிக்கும் பிழை உண்டு. அதனை முதலில் அளந்து நீக்குதல் வேண்டும் என்பது மற்றொன்று. கருவி தனக்குரிய வினாவிற்கே விடை கூறும்; அது கூறாததைக் கூறியதாகக் கொள்ளலாகாது என்பது மூன்றாவது.

தமிழ் பயில்வேமாகிய எமக்கு இவை புதியன அல்ல. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர், ஒரே சுவடியை நம்பி முடிவு கூறார். எழுதினோர் கையின் பிழை இன்னது என்று முதலில் அறிவர். சுவடியில் இல்லாததை உண்டென்று ஏற்றிக் கூறார். ராபின்சின் கட்டையும், லெ பூலாஞ்சேயின் கோலும், ஓலரின் மூன்றாங் கண்ணும் கற்பிக்கும் பாடமும் அதுவே. வேகத்தை மிகுவித்தற்கென இக்கருவியை நாடுவோர் பலர் இருக்கலாம். எங்கே நிற்றல் வேண்டும் என்று அறிதற்கு அதனை நாடுவோரே அதன் முழுப்பயனையும் பெறுவோர் ஆவர்.